அம்மா தானே போட்டுப் பார்க்கும் டிவிடி

போன மாசியில் எங்கள் ஊர் அண்ணன்மார் கோவிலில் மூன்று ராத்திரி உடுக்கைப் பாட்டு நடந்தது. அம்மா போகவில்லை. முழங்கால் வலி ஒரு பக்கம், கண்புரை அறுவை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாதது இன்னொரு பக்கம். பனியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டு, காற்று வீட்டுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வந்து விழுந்த வரிகளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் போனில் இதைச் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பாட்டில் வரும் அண்ணன்மார், பொன்னர் சங்கர் கதையை அம்முச்சியின் மடியில் படுத்து ராத்திரி ராத்திரியாகக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. கொம்பன் பன்றி வருகிற இடத்தில் எந்த மெட்டு மாறும் என்பது அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சித்தப்பா மகன், எனக்குத் தம்பி, மூன்று ராத்திரியும் போனை ஸ்டாண்டில் நிறுத்திப் படம் பிடித்திருந்தான். பாட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். "தாராளமா எடு சாமி, எனக்கும் ஒண்ணு குடு" என்றாராம். எடுத்ததை இணையத்தில் ஏற்றி எனக்கு லிங்க் அனுப்பினான். 11 ஃபைல், மொத்தம் 3 மணி 40 நிமிடம், கிட்டத்தட்ட 28 ஜிபி. கோயம்புத்தூரில் என் வீட்டு இணைப்பில் ஒரு ராத்திரி முழுக்க இறங்கியது. வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்றுதான் அவன் முதலில் கேட்டான், வேண்டாம் என்றேன். அதில் சாதாரணமாக அனுப்பும் வீடியோ சுருங்கிப் போய்த்தான் வரும். போன் திரையில் தெரியாத குறையெல்லாம் டிவியில் போட்டால் தெரிந்துவிடும்.

சரி, வீடியோ கையில் வந்தாயிற்று. அம்மா எதில் பார்ப்பார்?

தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். வீட்டில் 21 இன்ச் டப்பா டிவி. அதன் கீழ்த் தட்டில், 2009-இல் நான் என் போனஸ் பணத்தில் வாங்கிக் கொடுத்த டிவிடி பிளேயர். இரண்டும் இன்னும் நன்றாக ஓடுகின்றன. அண்ணன் பெங்களூரில் இருக்கிறான். "ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கிப் போட்டுடறேன், யூடியூப்லயே பாத்துக்கட்டும்" என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் போன் சிக்னலே முற்றத்தில் நின்றால்தான் கிடைக்கும். அதைவிட முக்கியம், அம்மா சொன்ன ஒரு வார்த்தை. "கையில எடுத்துப் போட்டா ஓடோணும் கண்ணு. ஒருத்தரக் கூப்புட்டு நிக்கப்படாது." புதுக் கருவி எது வந்தாலும் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியதாகிவிடுகிறது, அவன் வரும்வரை காத்திருக்க வேண்டியதாகிவிடுகிறது, அது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டிவிடி பிளேயரில் தட்டைத் திறப்பது, வட்டை வைப்பது, மூடுவது மூன்றும் அவருக்குத் தெரியும். என் கல்யாண டிவிடியை அப்படித்தான் இத்தனை வருடமாகப் போட்டுப் பார்க்கிறார். அதனால் நான் டிவிடி செய்வதென்று முடிவெடுத்தேன். கீழே நான் எழுதும் ஒவ்வொரு விஷயமும் "அம்மா தானே போட்டுப் பார்க்க வேண்டும்" என்ற ஒரே கணக்கில் செய்தது.

தம்பி முதலில் ஒரு பென் டிரைவில் ஃபைல்களைப் போட்டு பிளேயரின் முன்பக்க ஓட்டையில் செருகிப் பார்த்தான். ஃபைல் பெயர்கள் வரிசையாக வந்தன. எதை அமுக்கினாலும் ஓடவில்லை. பிறகு டவுனில் ஒரு கடையில் கொடுத்து டிவிடி போட்டு வாங்கி வந்தான். அதுவும் ஓடவில்லை. அந்த வட்டை வாங்கி என் லேப்டாப்பில் பார்த்தேன். எம்பி4 ஃபைல்களை அப்படியே அதில் காப்பி செய்திருந்தார்கள். அது டிவிடி வட்டில் இருக்கும் ஃபைல், டிவிடி படம் அல்ல. இந்த இடத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறோம் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

டிவிடி 1996-இல் ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. அன்றைக்கு வகுத்த விதிதான் இன்றைக்கும். படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) என்றால் அகலம் 720 புள்ளி, உயரம் 576 புள்ளி, நொடிக்கு 25 படம். அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி முறை என்றால் 720-க்கு 480, நொடிக்கு 29.97 படம். ஒலி நொடிக்கு 48,000 மாதிரி (சாம்பிள்) கொண்டதாக இருக்க வேண்டும். இதையெல்லாம் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டருக்குள், 1 ஜிபிக்கு மிகாத விஓபி துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைல்களோடு வைக்க வேண்டும். பிளேயர் வட்டைப் படித்ததும் முதலில் தேடுவது அந்த ஐஎஃப்ஓவைத்தான். அது இல்லையென்றால் வெறும் ஃபைல் வட்டு என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஃபைலைத் தன்னால் ஓட்ட முடியுமா என்று பார்க்கும். இன்றைய போன்கள் எடுப்பது எச்.264 அல்லது எச்இவிசி என்ற வேறு சுருக்கும் முறைகளில். எச்.264 வந்ததே 2003-இல், எச்இவிசி 2013-இல். அம்மாவின் பிளேயரில் இருக்கும் சிப்புக்கு எம்பெக்-2 தெரியும், பழைய டிவ்எக்ஸ் ஏவிஐ தெரியும், அதற்கு மேல் தெரியாது. கெட்டுப்போன பிளேயர் என்று அதைக் குப்பையில் போடுவது பாவம். அதற்குத் தெரிந்த மொழியில் கொடுத்தால் இன்னும் பத்து வருடம் பாடும்.

என் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டர் ஒன்று வாங்கினேன். விண்டோஸ் 7-இல் கூடவே வந்த டிவிடி மேக்கரை 8-இலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் இலவசமாகக் கிடைக்கும் மூன்று மென்பொருள்களை வைத்துக்கொண்டேன். வீடியோவைச் சரிசெய்ய ஹேண்ட்பிரேக், டிவிடியாகக் கட்ட டிவிடி ஸ்டைலர், வட்டில் ரைட் பண்ண இமேஜ்பர்ன்.

கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள் நான், எண்ணைப் பார்க்காமல் வேலை தொடங்க வராது. வட்டின் மேல் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். அது 470 கோடி பைட் என்ற கணக்கு. விண்டோஸ் எண்ணும் முறையில் அதே இடம் 4.37 ஜிபி என்று தெரியும், அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 3 மணி 40 நிமிடத்தையும் ஒரே வட்டில் அடைத்தால் ஒரு நொடிக்கு எல்லாம் சேர்த்து 2.8 மெகாபிட்தான் கிடைக்கும். ராத்திரி நேரம், ட்யூப்லைட் வெளிச்சம், பின்னால் அசையும் கூட்டம். இந்த மாதிரிப் படத்துக்கு அது போதவே போதாது, முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். இரண்டு வட்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 110 நிமிடம், நொடிக்கு 5.7 மெகாபிட் வரை போகலாம். ஒலிக்கும் மற்றதற்கும் கொஞ்சம் விட்டு, படத்துக்கு 5 வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு வட்டில் திணிக்காதீர்கள் என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்வது. இன்னொரு வட்டு இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம்.

எந்த இடத்தில் பிரிப்பது என்பதில் அம்மாவைக் கேட்டேன். நேரத்தை வைத்துப் பாதியில் வெட்டினால் ஒரு பாட்டின் நடுவில் வரும். "கொம்பன் விழுந்ததோட மொதல் தட்ட முடிச்சுரு, ரெண்டாவதுல படுகளம்" என்றார். படுகளம் என்றால் அண்ணன்மார் களத்தில் விழுந்து கிடக்கும் கட்டம். கோவிலில் ஊர் ஆட்களும் அப்படி விழுந்து கிடப்பார்கள், தங்கை தங்காள் வந்து எழுப்புவாள். அப்படிப் பார்த்தால் முதல் வட்டு 104 நிமிடம், இரண்டாவது 116 நிமிடம் வந்தது. நன்றாகவே பொருந்தியது.

அடுத்தது ஒலி விலகல். இதுதான் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சாப்பிட்டது. ஒரு ஃபைலை அப்படியே டிவிடி ஸ்டைலரில் போட்டு மாற்றிப் பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் சரியாக இருந்தது. இருபதாவது நிமிடத்தில் விரல் உடுக்கையில் படுவதும் சத்தம் வருவதும் வேறு வேறாகிவிட்டன. பேச்சு வீடியோவாக இருந்தால் ஒருவேளை கவனிக்காமல் விட்டிருப்பேன். உடுக்கையில் அது மறையாது. இடது கை உடுக்கையின் இடுப்பில் இருக்கும் கயிற்றை இறுக்குகிறது, விடுகிறது, அதற்கேற்பச் சத்தம் ஏறி இறங்குகிறது. வலது கை விரல்கள் தோலில் விழுகின்றன. கை அழுத்தும் நொடியிலேயே சத்தம் கமறி ஏற வேண்டும். அரை நொடி தள்ளி வந்தால் வேறு யாரோ வாசிப்பதுபோல் இருக்கிறது. இத்தனை வருடம் கேட்டவர் அம்மா, முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்.

காரணம் இதுதான். போன் நொடிக்கு 30 படம் என்று சொன்னாலும், வெளிச்சம் குறைந்தால் 24, 27 என்று இஷ்டத்துக்கு எடுக்கும். மாறிக்கொண்டே இருக்கும். டிவிடிக்கு அது ஆகாது, ஒரே சீராக வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பகுதியில் படவேகம் என்ற இடத்தில் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழே மாறாத வேகம் என்று இருப்பதைத் தொட்டு, முதலில் எல்லா ஃபைல்களையும் ஒருமுறை மாற்றினேன். விலகல் போய்விட்டது. தரம் குறையாமல் இருக்க, நடுவில் செய்யும் இந்த ஃபைலைப் பெரிதாகவே விட்டேன். கடைசியில் அழித்துவிடப் போகிறோம்தானே.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? நம் நாடு பால், அதனால் 25 என்று வைத்தேன். வைத்துப் பார்த்தால் விரல்கள் லேசாகத் துள்ளின. 30 படத்தில் 25-ஐ மட்டும் எடுத்தால் ஆறில் ஒன்று விழுந்துவிடுகிறது. மெதுவான காட்சியில் தெரியாது, வேகமான அடியில் தெரிந்தது. 29.97 வைத்து என்டிஎஸ்சி டிவிடியாகச் செய்து பார்த்தேன். உயரத்தில் 96 வரி குறைகிறது, ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓடுகிறது. 21 இன்ச் டப்பா டிவியில் அந்த 96 வரியை யாரும் தேடப் போவதில்லை. நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்களும் டிவிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். இருந்தாலும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்று, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிவிடி ஆர்டபிள்யூ வட்டு ஒன்றில் பால் ஒன்று, என்டிஎஸ்சி ஒன்று என்று பத்துப் பத்து நிமிடத் துண்டாக மாற்றி மாற்றி எழுதிப் பார்க்க லேப்டாப்போடு ஊருக்குப் போனேன். சோதனைக்கு ஆர்டபிள்யூ மாதிரி வசதி வேறு இல்லை. ஒரே வட்டை நூற்றுக்கணக்கான முறை அழித்து எழுதலாம். முதல் துண்டைப் பார்த்துவிட்டு என் லேப்டாப்பிலேயே அழித்து அடுத்ததை எழுதினேன். அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, என்னிடம் எதுவும் கேட்காமலே, "ரெண்டாவதுல வெரல் நல்லாத் தெரியுது" என்றார். அது என்டிஎஸ்சி.

அந்தச் சோதனையில் இன்னும் இரண்டு தெரிந்தது. ஒன்று, பாட்டுக்காரர் திரையின் இடது ஓரத்தில் நின்றார், அவருடைய தோள் டிவிக்குள் போய்விட்டது. டப்பா டிவிகள் படத்தின் ஓரத்தைச் சட்டத்துக்கு அடியில் கொஞ்சம் தின்றுவிடும். லேப்டாப்பில் பார்த்தால் இது தெரியாது. அதனால் 1920-க்கு 1080 படத்தை 1728-க்கு 972 ஆகச் சுருக்கி, பக்கத்துக்கு 96 புள்ளியும் மேலும் கீழும் 54 புள்ளியும் கறுப்பு ஓரம் சேர்த்தேன். ஹேண்ட்பிரேக்கில் அதற்கு இடம் இருக்கிறது. இப்போது தோளும் வந்தது, அவருக்குப் பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரரும் வந்தார்.

இரண்டாவது, எல்லோரும் ஒல்லியாக நெடுநெடுவென்று தெரிந்தார்கள். அகலமான படம் சதுரத் திரையில் நசுங்கி வந்ததால் அப்படி. இது வட்டில் இருந்த தப்பு இல்லை, பிளேயரின் செட்டப்பில் டிவி வகை 16:9 என்று கிடந்தது. அதை 4:3 எல்பி என்று மாற்றினேன். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து மனிதர்கள் மனிதர்களாக ஆனார்கள். 4:3 பிஎஸ் என்று இன்னொன்றும் இருக்கும், அது இரு பக்கத்தையும் வெட்டக்கூடியது, வேண்டாம். உங்கள் அம்மா அப்பா வீட்டுப் பழைய பிளேயரில் இந்த ஒரு செட்டிங்கை மட்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். எத்தனை வீட்டில் வருடக் கணக்காக நசுங்கிய முகங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

படுகளம் மட்டும் தம்பி எடுக்கவில்லை. அவனே அந்த நேரத்தில் களத்தில் விழுந்து கிடந்தான். மாமா பெண் தன் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்திருந்தாள். நெட்டுக்குத்து வீடியோவை அப்படியே வைத்தால் திரையின் நடுவில் ஒரு சன்னல் அகலத்துக்குத்தான் தெரியும், அம்மாவின் கண்ணுக்குப் போதாது. அகலப் படமாக வெட்டினால் முக்கால்வாசி போய்விடும். விழுந்து கிடப்பவர்களும் வேண்டும், தங்காள் வேடத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வரும் அக்காவின் முகமும் வேண்டும். கடைசியில் மேலே வானத்தையும் கீழே மண்ணையும் எடுத்துவிட்டுச் சதுரமாக வைத்தேன். இரு பக்கமும் கறுப்புதான், ஆனால் முகம் தெரிகிறது.

ஒலியைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. அந்த டிவியின் ஸ்பீக்கர் சின்னது, அம்மாவுக்குக் காதும் முன்புபோல் இல்லை. 6 டெசிபெல் கூட்டினேன். அதற்கு மேல் கூட்டியபோது உடுக்கைச் சத்தம் கிழிந்தது, விட்டுவிட்டேன்.

இப்போது டிவிடி ஸ்டைலர். திறந்ததும் பூ, மேகம் என்று அழகழகாக மெனு மாதிரிகளைக் காட்டும். எனக்கும் ஆசை வந்தது, கோவில் படத்தைப் பின்னால் போட்டு ஒரு மெனுகூடச் செய்தேன். அப்புறம் அம்மா அந்தத் திரையின் முன் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். மெனு என்றால் அம்புக்குறியை நகர்த்த வேண்டும், எது தேர்வாகியிருக்கிறது என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் ஓகே அமுக்க வேண்டும். அவருடைய கண்ணுக்கு அது வேலை. மெனுவை மொத்தமாக எடுத்துவிட்டேன். தட்டு உள்ளே போனதும் பாட்டு தொடங்க வேண்டும். ஒரு துண்டு முடிந்தால் அடுத்தது தானாக வர வேண்டும். கடைசித் துண்டு முடிந்தால் நின்றுவிட வேண்டும், மறுபடி முதலிலிருந்து ஓடக் கூடாது, ஏனென்றால் அம்மா பாட்டு கேட்டபடியே தூங்கிவிடுவார். ஒவ்வொரு துண்டின் பண்புகளிலும் முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

அத்தியாயப் புள்ளிகளைச் சரிசமமாக வைக்காமல் கதைக்கு ஏற்ப வைத்தேன். தாமரை தவம், பொன்னர் சங்கர் பிறப்பு, கிளி பிடிப்பது, கொம்பன் வேட்டை, படுகளம், எழுப்புதல். ரிமோட்டில் அடுத்தது என்ற பொத்தானை அமுக்கினால் கதையில் அடுத்த கட்டத்துக்குப் போகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் வேலை சுலபம், ஆனால் பாட்டுக்கு நடுவே போய் விழும். இதற்காக நான் 3 மணி 40 நிமிடத்தையும் உட்கார்ந்து கேட்டேன். சின்ன வயதில் பாதியில் தூங்கிப்போய் நான் கேட்காமல் விட்ட கதை இது. தங்காள் அண்ணன்களைத் தேடி வனத்தில் நடக்கிற இடத்தை இந்த வயதில்தான் முழுக்கக் கேட்டேன். வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிவிடி ஸ்டைலரிலிருந்தே வட்டில் எழுதலாம். நான் முதலில் வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ ஃபைலாகச் செய்து, அதை லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் திறந்து, ஒவ்வொரு அத்தியாயமாகத் தாவிப் பார்த்துவிட்டு, அப்புறம் இமேஜ்பர்னில் எழுதினேன். வட்டு வாங்கும்போது டிவிடி-ஆர் கேட்டு வாங்குங்கள், பிளஸ் ஆர் அல்ல. கழித்தல் குறி போட்டதுதான் பழைய பிளேயர்களுக்கு அதிகம் ஒத்துப்போகும். வேகம் 16 என்று வட்டில் போட்டிருந்தாலும் நான் 4-இல்தான் எழுதினேன். ஒரு வட்டுக்குக் கால் மணி நேரம் ஆகும், பரவாயில்லை. எழுதி முடித்ததும் சரிபார்க்கச் சொல்லும் வசதியை விட்டுவிடாதீர்கள். முதல் வட்டு எனக்கு வீணானது, ரைட்டரை யுஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தேன், கரண்ட் போதாமல் முக்கால்வாசியில் நின்றுவிட்டது. நேராக லேப்டாப்பில் செருகியதும் சரியானது. லேப்டாப் பேட்டரி முழுக்க ஏறியிருக்கும்போது எழுதுங்கள். எங்கள் தெருவில் இரண்டாவது வட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது, பேட்டரிதான் காப்பாற்றியது.

வட்டின் மேல் எழுத, சிடிக்கென்றே விற்கும் மார்க்கர் பேனா. பெரிய எழுத்தில் 1, 2 என்று மட்டும் எழுதினேன், பக்கத்தில் ஒன்றில் பன்றியும் இன்னொன்றில் உடுக்கையும் வரைந்தேன். கண்ணாடி போடாமலே அம்மாவுக்கு எது எது என்று தெரியும். காகிதம் ஒட்டாதீர்கள், சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து வட்டு ஆடும். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதவும் வேண்டாம்.

சித்திரை மாதம் ஊருக்குக் கொண்டுபோனேன். டிவி ரிமோட்டில் ஏவி பொத்தான் மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்தேன். டிவிடி ரிமோட்டில் நிறுத்துவதற்கு ஒரு பொட்டு, அடுத்ததுக்கு ஒரு பொட்டு. செட்டாப் பாக்ஸ் ஒயர் பின்னால் இருந்தது, டிவிடியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு மூன்றையும் டிவியின் முன்பக்க ஓட்டைக்கு மாற்றினேன். இனி எதையும் பிடுங்கிச் செருக வேண்டியதில்லை. மூன்று முறை நான் எட்ட நின்று அம்மாவையே போடச் சொன்னேன். மூன்றாவது முறை என் பக்கம் திரும்பவே இல்லை.

முந்தானையால் வட்டை வட்டமாகத் துடைக்கும் பழக்கம் அம்மாவுக்கு. கீறல் வட்டமாக விழுந்தால் பிளேயர் வழி தவறிவிடும். நடு ஓட்டையிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்று காட்டினேன். "முறத்துல பொடைக்கற மாதிரி வெளிய தள்ளோணும், அவ்ளதான?" என்றார். அவ்வளவுதான்.

பாட்டுக்காரருக்கும் அதே என்டிஎஸ்சி வட்டில் ஒரு காப்பி போட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாளில் போன் வந்தது. படம் ஓடுகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாக இருக்கிறதாம். அவருடைய டிவி ரொம்பப் பழையது, பால் மட்டும்தான் தெரியும். அவர் வீட்டு பிளேயரின் செட்டப்பில் பால் என்று மாற்றினால் சரியாகியிருக்கும். ஆனால் அந்த வட்டு அவருடைய மகள் வீடு, தம்பி வீடு என்று எங்கெங்கோ போகப் போவது. எந்த வீட்டிலும் கலராக ஓட வேண்டும் என்று பாலில் புதிதாகச் செய்து அனுப்பினேன். விரல் லேசாகத் துள்ளும், தெரியும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "நாப்பது வருசமாப் பாடறேன், நான் பாடறத நான் பாத்ததே இல்லீங் அம்மிணி" என்றார்.

யாராவது தங்கள் வீட்டு வீடியோவுக்கு இதுபோல் செய்ய நினைத்தால், அசல் ஃபைல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். வீட்டில் எழுதும் வட்டு சாயத்தில் எழுதப்படுவது, வெயில் பட்டால் சீக்கிரம் கெடும். அந்த 28 ஜிபியை நான் ஒரு ஹார்டு டிஸ்கிலும், அண்ணன் தன்னுடையதில் ஒரு காப்பியும் வைத்திருக்கிறோம். வட்டு போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். சினிமா போட்டுத் தரச் சொல்லி மூன்று பேர் கேட்டார்கள், அது நான் செய்வதில்லை என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டு விசேஷம், நம் கோவில் விழா, பாடியவர் சம்மதித்தது, இவ்வளவுதான்.

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். மாத்திரை போட்டாயிற்றா, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்றா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் உடுக்கை கேட்டது. பதில் ஒவ்வொன்றாக ஒற்றை வார்த்தையில் வந்தது. "படுகளம் வரப் போகுது கண்ணு, வெச்சர்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.